தொழிற்சங்கத்தின் நன்மையும் தீமையும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பல திசைகளிற் பரந்து பல தொழில்களில் அமர்ந்து வாழ்கின்றனர். ஓர் ஆலையின் முகாமையாளராய் மேசையின் ஒருபுறத்தில் வீற்றிருப்பவரும் நம்மவர். அம்மேசையின் மறுபுறத்தில் நின்று, தொழிலாளர் சார்பிற் கோரிக்கைத் தாளை நீட்டுபவரும் நம்மவர். ஒரே வாங்கில் அருகருகே இருந்து இலக்கணம் படித்த இருவர் பிற்காலத்தில் இவ்வாறு எதிரெதிரே இருக்க நேர்தல் கூடும். அவ்விருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளத் துணையாகுமாறு, ஆலைத்தொழிலில் தொழிற்சங்கத்தால் விளையும் நன்மை எவை, தீமை எவை என்பதைச் சிறிது ஆராய்தல் இவ்விழா மலருக்குப் பொருத்தமுடையதெனக் கருதுகின்றேன்.

இப்பொருள் பற்றிக் கட்டுரை வரையுமாறு வகுப்பிலே பணித்தால், மாணவருட் பெரும்பாலார் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என எண்ணியெழுதி, "எனவே அளவோடு இருப்பின் நன்று" என முடித்துவிடுவர். அம்முடிபு பிழையன்று, ஆயினும் அதனாற் பயன் அதிகமில்லை. அவ்வளவு யாது, அதனை அளக்குங் கோல் யாது என்பதன்றோ வினா? அதற்கு விடை காண வேண்டுமாயின், வெறும் பட்டியலை விடுத்து, உண்மையாக வாழ்ந்த ஒரு சங்கத்தின் வரலாற்றை எடுத்து நோக்குதல் வேண்டும்.

சங்கமாவது யாது?

தொழிற்சங்கமாவது, கூலிக்கு உழைப்போர் தம் வேதனம், வேலைநேரம், வேலைசெய்யும் இடத்தின் பாதுகாப்பு முதலியவற்றைக் குறித்து முதலாளியோடு ஒருமுகமாகப் பேசுதற்பொருட்டுத் தாமே அமைத்துக்கொள்ளும் நிலையான கூட்டமைப்பாகும். இவ்விலக்கணத்தில் "ஒருமுகமாக" என்பதும் "நிலையான" என்பதும் உயிர்நாடிகள். ஒருநாட் சினத்திற் கூடி மறுநாட் கலையுங் கூட்டம் சங்கமாகாது.

கைவினைஞன் தன் வீட்டிலே தறிபோட்டு நெய்த காலத்தில் தறியும் அவனது, நேரமும் அவனது. நீராவிப் பொறி வந்த பின்னர், ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ்க் கூடி, ஒரே மணியோசைக்குப் பணிந்து வேலை செய்யலாயினர். பொறி முதலாளியுடையதாயிற்று, தொழிலாளிக்கு எஞ்சியவை அவனுடைய இரு கைகளே. ஆயிரவரில் ஒருவன் வேலையை விட்டு நீங்கினால் ஆலைக்குப் பெருநட்டமில்லை. ஆலை அவனை நீக்கினாலோ அவன் வீட்டில் அடுப்பு எரியாது. இந்த ஏற்றத்தாழ்வே சங்கத்தின் பிறப்பிடம். ஆயினும், அவ்வாறு கூடும் உரிமை எளிதிற் கிடைத்ததன்று. ஆலைத்தொழிலின் தாயகமாகிய இங்கிலாந்திலே 1799, 1800ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர் ஒன்றுகூடுதலையே குற்றமாக்கின. அவை 1824இலேதான் நீக்கப்பெற்றன.

பெரம்பூரிற் பிறந்த சங்கம்

சென்னை மாநகரின் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை என இரு பெரும் பஞ்சாலைகள் இருந்தன. பின்னி நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் நடந்த இவை 1920இல் ஒன்றாக இணைக்கப்பெற்றன. 1911ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆடவரைப் பஞ்சாலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வரை வேலை வாங்கலாம். நடுப்பகல் உணவுக்குக் கிடைத்த இடைவேளை அரைமணி நேரமே. அதற்குள் வேலையிடத்தினின்று வெளிப்போந்து, கை கழுவி, உண்டு, மீண்டு வந்து தத்தம் பொறியண்டை நிற்றல் வேண்டும். மேற்பார்வையாளரின் வசைச்சொல்லும் சிலபோது அடியும் இதன்மேற் கூடுதல்.

அப்பகுதியில் வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்னும் சமயச் சபையொன்று இருந்தது. மாலைவேளையில் அங்கே நிகழும் சொற்பொழிவுகளைக் கேட்க ஆலைத் தொழிலாளரும் வருவதுண்டு. பத்தியுரை கேட்க வந்தவர் தம் பசியை எடுத்துரைத்தனர். சபையை நடத்திய செல்வபதிச் செட்டியாரும், இராமாநுசலு நாயுடுவும் அதனைச் செவிமடுத்து, அன்னி பெசன்ட் அம்மையாரின் துணைவருள் ஒருவராகிய பி. பி. வாடியாவை நாடினர். 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் வாடியாவைத் தலைவராகக்கொண்டு அமைந்தது. இந்திய நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர் வரலாற்றாசிரியர். சமயச் சபையொன்றின் நிழலில் இச்சங்கம் முளைத்தது என்பது நம் போன்ற சைவக் கல்லூரியினர் நினைந்து மகிழ்தற்குரிய செய்தியாம்.

வாடியா பார்சி இனத்தவர். அவர் ஆங்கிலத்திற் பேசியதைத் தொழிலாளர்க்குத் தமிழிற் பெயர்த்துரைத்தோருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். இவரை நாம் ஈண்டு நினைத்தற்குத் தனிக்காரணம் உண்டு. திரு. வி. க. இராயப்பேட்டை வெசிலிப் பள்ளியிலே படித்தபோது அவருக்குத் தமிழ்ச் சுவையூட்டிய ஆசிரியர் யாழ்ப்பாணத்து மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை ஆவர். அவ்வாசிரியர் தொடர்பான வழக்கொன்றிலே சான்று கூறச் சென்றமையால், மாணவர் தம் தேர்வை எழுதாது விட்டார். பள்ளிப்படிப்பும் அத்துடன் நின்றது. பின்னர் அதே பள்ளியிலே தமிழாசிரியராயிருந்தார். 1917இல் அப்பதவியைத் துறந்து "தேசபக்தன்" ஆசிரியரானார். அடுத்த ஆண்டில் ஆலைவாயிலில் நின்றார். நம் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் ஏற்றிய விளக்கு, பெரம்பூர்ப் பஞ்சாலைத் தெருவிலே ஒளி தந்தது.

நன்மைகள்

சங்கம் பெற்ற முதற்பயன்களுள் ஒன்று, அரைமணி நேரமாயிருந்த உணவு இடைவேளை நாற்பது நிமிடமானமை. பத்து நிமிடந்தானா என்று நகைப்போர் இருக்கலாம். வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்குதற்கு நேரமின்றி ஓடியவனைக் கேட்டால் அப்பத்து நிமிடத்தின் பெறுமதி தெரியும். தனி ஒருவன் அதனைக் கேட்டிருப்பின் சோம்பேறி எனப் பெயர் பெற்றிருப்பான். பலர் ஒருமுகமாகக் கேட்டமையின் அது கோரிக்கையாயிற்று. தனியொருவன் கேட்டால் முறைப்பாடு. சங்கம் கேட்டால் பேச்சுவார்த்தை. இதுவே முதல் நன்மை.

இரண்டாவது, சட்டம் பிறத்தல். 1920ஆம் ஆண்டுப் பிணக்கின்போது ஆலை நிர்வாகத்தார் வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரை வேலைக்குச் செல்லாதவாறு தூண்டினர் என்பதே குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையாணை வழங்கியது. சங்கம் அமைத்தலே சட்டத்தின் பாதுகாப்பற்ற செயல் என்பது அன்று வெளிப்பட்டது. அந்த அதிர்ச்சியே தொழிற்சங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்னும் குரலை எழுப்பியது. 1921இல் என். எம். யோசி இந்தியச் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தின் வழியே, 1926ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பெரம்பூர்த் தொழிலாளர் பட்ட துன்பத்தின் பயனை நாடு முழுவதும் நுகர்ந்தது.

நம் நாட்டு வரலாறும் இதனையே காட்டும். 1893இல் கொழும்பு அச்சகத் தொழிலாளர், சம்பளம் உரிய காலத்திற் கிடையாமையால் வேலைநிறுத்தஞ் செய்து ஒரு சங்கமும் அமைத்தனர். அது நிலைக்கவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தைத் தொடங்கினார். ஏ. ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தை அமைத்து, 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தை நடத்தினார். அதன்பின்னரே 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம், 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1950ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு வீடு கட்டுவோர் பலர், அதற்கு முன்னோடிகளாய் வேலை இழந்தோரை அறியார்.

மூன்றாவது நன்மை முதலாளிக்கு உரியது. குறை இருக்கும் இடத்தை அவர் அறிதற்குச் சங்கம் வாயிலாகின்றது. ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டால் அதன் காலம் முடியும்வரை ஆலை அமைதியாக ஓடும். சங்கம் இல்லாதவிடத்துக் குறையும் இல்லை எனக் கருதுதல் தவறு. 1978இற் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பெற்றது. அங்கே சங்கங்கள் வேரூன்றுதல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில், தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அவ்வலயத் தொழிலாளர் பெருந்திரளாக வெளியே வந்தனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டினால் இளந்தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். அதன்பின்னரே சட்டமூலம் கைவிடப்பட்டது. மடைவாய் அமையாத குளத்து நீர் கட்டை உடைத்துக்கொண்டே வெளியேறும்.

தீமைகள்

இனித் தீமைகளைக் கூறுவாம். சங்கம் வேலைநிறுத்தம் என்னும் கருவியைக் கையில் எடுக்கும்போது, அதன் முதல் வெட்டு உழைப்பவன் குடும்பத்தின்மீதே விழும். இதற்கு ஏட்டுச் சான்று தேடுதல் வேண்டா. என் வீட்டுச் சான்றே போதும்.

என் பெரிய தந்தையார் தென்னிலங்கையில் ஒரு கூட்டுத்தாபன ஆலையிற் பொறி இயக்குநராயிருந்தார். 1980ஆம் ஆண்டு யூலை மாதத்தில், முந்நூறு ரூபாய்ச் சம்பள உயர்வு முதலிய கோரிக்கைகளை முன்வைத்துப் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அரசு அவசரகால விதிகளைப் பயன்படுத்தி, வேலைக்கு வாராதோர் தம் பதவியைத் தாமே துறந்தவராவர் என அறிவித்தது. ஏறக்குறைய 40,000 பேர் வேலை இழந்தனர். அவருள் என் பெரிய தந்தையாரும் ஒருவர். ஊர் திரும்பினார். பெரிய தாயாரின் காப்பும் சங்கிலியும் ஒரே ஆண்டில் விலைப்பட்டன. குத்தகைக் காணியில் வெங்காயமும் புகையிலையும் நட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். எண்ணெய் நாற்றம் போகாத அவர் கைகள் மண்வெட்டி பிடித்துக் கொப்புளித்ததை என் தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டுள்ளேன்.

நான் ஆசிரிய கலாசாலையிற் பயின்று வந்த நாளில் ஒருமுறை அவரிடமே இதுபற்றிக் கேட்டேன். "தம்பி, சங்கத்திலே சேர்ந்ததற்காக நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால், வேலைநிறுத்தம் என்று எல்லாரும் கைதூக்கிய அந்தக் கூட்டத்திலே, யார் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்குது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை.

இரண்டாவது தீமை பிளவு. மீண்டும் பெரம்பூருக்குச் செல்வோம். 1921ஆம் ஆண்டில் அங்கே மற்றொரு பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அப்போது ஆதிதிராவிடத் தொழிலாளருட் பலர் அதிற் சேராது வேலைக்குச் சென்றனர். சங்கத்தார் சினந்தனர். இரு சாராரும் மோதினர், குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. பல திங்கள் நீடித்த அவ்வேலைநிறுத்தம் ஈற்றிற் பயனின்றி முடிந்தது. சேராதோரைத் துரோகிகள் எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால், வறுமையின் அடித்தளத்தில் இருந்தோர்க்கு ஒருநாட் கூலியே ஒருநாள் உயிர். மேலும், நேற்றுவரை தன் கிணற்றில் நீர் அள்ள விடாதவன் இன்று வந்து "நாமெல்லாம் ஒன்று" எனக் கூறினால், அச்சொல்லை எங்ஙனம் நம்புவது? ஆலைக்குள் ஒற்றுமை வேண்டியவர், தெருவில் அதனை முன்னரே விதைத்திருத்தல் வேண்டும். இக்குற்றம் பெரம்பூருக்கு மட்டும் உரியதன்று; கிணறும் கோயிலும் குறித்து நம் குடாநாட்டிலும் இருந்த வழக்கத்தை எண்ணி நாமும் நாணுதல் வேண்டும்.

சென்னையிற் சாதி செய்ததைக் கொழும்பில் இனம் செய்தது. 1933இல் வெள்ளவத்தை நூல் நெசவாலையில் வேலைநிறுத்தம் எழுந்தது. அங்கே மலையாளிகளும் சிங்களவரும் உழைத்தனர். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் தொழிலாளர்க்குத் துணைநின்றனர். பத்தாண்டுக்கு முன் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய அதே குணசிங்க, இம்முறை எதிர்நின்றதோடு, மலையாளிகளுக்கு எதிரான உணர்ச்சியையும் வளர்த்தார். தொழிலாளி என்னும் பெயரால் மக்களை ஒன்றாக்கிய ஒருவரே, இனத்தின் பெயரால் அவர்களைப் பிரிக்க முற்பட்டமை நம் தொழிற்சங்க வரலாற்றின் துயரமான ஏடாகும். ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. ஈண்டுக் கூத்தாடி யார் என்பதை யான் கூற வேண்டியதில்லை.

மூன்றாவது, கட்சியின் பிடி. நம் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுவர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். இஃது உரிமை, ஆயினும் இதனாலேயே ஓர் ஆலைக்குள் கட்சிக்கொரு சங்கம் முளைத்தது. 1980இலும் ஆளுங்கட்சிச் சார்பான சங்கம் வேலைநிறுத்தத்தை எதிர்த்தே நின்றது. தொழிலாளியின் குறையைத் தீர்ப்பதினும் தேர்தலுக்குக் கூட்டஞ் சேர்ப்பதே சிலர் நோக்கமாகுமாயின், சங்கம் அமைத்த பயன் எங்கே?

நான்காவது, தொழிலின் மாற்றத்தைக் காணாது நிற்றல். இலண்டன் மாநகரிற் செய்தித்தாள் அச்சகத் தொழிலாளரின் சங்கங்கள் நெடுங்காலம் மிக்க வலிமையுடையனவாய் இருந்தன. எந்த வேலையை எவர் செய்வது என வரம்பு வகுத்து, கணினிவழி எழுத்துக்கோப்பு வருவதை அவை தடுத்துநின்றன. 1986இல் ஒரு நிறுவனம் அச்சகத்தை வேறிடத்துக்கு மாற்றிப் புதிய பொறிகளைக் கொண்டு நடத்தத் தொடங்கியபோது, ஏறக்குறைய 5,500 பேர் வேலை இழந்தனர். நிறுவனத்தின் செயலை யான் புகழ வரவில்லை. ஆயினும், வரும் பொறியைத் தடுத்து நிறுத்துவதினும், அதனை இயக்கும் பயிற்சியைத் தம் உறுப்பினர்க்குக் கேட்டுப் பெற்றிருப்பின், இழப்புக் குறைந்திருக்கலாம். வேலை செய்யாதவனையும் நம்மவன் என்பதற்காகக் காக்கும் வழக்கமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. அதனால் நன்கு உழைப்பவன் மனம் சலிக்கின்றான். பொருளின் தரம் குன்றுகின்றது.

அளக்குங் கோல்

இவ்விரு பக்கத்தையும் சீர்தூக்கின் ஓர் உண்மை புலப்படும். நன்மைகள் யாவும் சங்கம் ஒன்றாய் நின்ற இடத்து விளைந்தவை. தீமைகளுட் பெரும்பாலானவை, ஒன்றாய் நிற்பதற்கென அமைத்த சங்கம் தானே யாரையேனும் புறத்தே நிறுத்திய இடத்து விளைந்தவை. பெரம்பூரிற் புறத்தே நின்றவன் சாதியாற் பிரிக்கப்பட்டவன். வெள்ளவத்தையில் இனத்தாற் பிரிக்கப்பட்டவன். யூலை வேலைநிறுத்தத்தில், தீர்மானத்தின் கணக்கிற் சேராது போனவர் தொழிலாளியின் மனைவி மக்கள். ஆகவே ஒரு சங்கத்தின் தகுதியை அறிய விரும்புவோர் இரு வினாக்களைக் கேட்பாராக. இச்சங்கத்தின் வாயிலுக்கு வெளியே நிற்பவர் யார்? கைதூக்குவதற்கு முன் இச்சங்கம் எவற்றை எண்ணிப் பார்த்தது?

இவ்வினாக்கள் முதலாளிக்கும் உரியன. சங்கத்தை உடைத்தலே திறமை எனக் கருதும் முகாமையாளர், நாளை பேசுதற்கு ஆளின்றித் தவிப்பர். ஜேர்மனியில் 1951ஆம் ஆண்டுச் சட்டம், நிலக்கரி உருக்குத் தொழில்களின் பெருநிறுவனங்களில் மேற்பார்வைச் சபையிலே தொழிலாளர்க்குப் பங்குதாரரோடு சமமான இடம் அளித்தது. ஆலை மூடுதல், ஆட்குறைப்பு முதலியன பற்றிய பேச்சில் தொழிலாளர் தொடக்கத்திலேயே அமர்வதற்கு அது வழிவகுத்தது. நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஒரு வேலைத்தளத்தில் நூற்றுக்கு நாற்பதின்மரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுத்தலைத் தகாச் செயலாக்கியது. சட்டம் மேசையைத் தரும். அம்மேசையில் நேர்மையோடு அமர்தல் மனிதர் கடன்.

நம் மாகாணத்தில் 1950இல் இயங்கத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரினால் ஓய்ந்தன. பெரம்பூர் ஆலைகளும் 1996இல் மூடப்பெற்றன. ஆலை இன்றேல் சங்கமும் இல்லை, முதலாளியும் இல்லை என்பதை இரு சாராரும் மறவாதிருத்தல் நன்று. இன்று வன்னியின் ஆடைத் தொழிற்சாலைகளில் நம் பெண்பிள்ளைகள் பலர் தையற்பொறியின் முன் அமர்ந்துள்ளனர். அவர்களுக்கு உணவு இடைவேளை எவ்வளவு, நோயுற்றால் விடுமுறை உண்டா, குறையைக் கேட்பார் யார் என நாம் விசாரித்ததுண்டா?

இளமாணவர்களே, உங்களுள் ஒருவர் நாளை ஆலையின் முகாமையாளராகலாம். மற்றொருவர் சங்கத்தின் செயலாளராகலாம். முகாமையாளராயின், உங்கள் முன் நீட்டப்படும் தாளுக்குப் பின்னே நாற்பது நிமிட உணவுக்காக ஏங்கிய ஒருவன் நிற்கின்றான் என நினையுங்கள். செயலாளராயின், கைதூக்கும் கூட்டத்தில் எழுந்து, "யார் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கின்றது?" என ஒருமுறை கேளுங்கள். என் பெரிய தந்தையார் கேட்கத் தவறிய வினா அது. அதனைக் கேட்பவர் கோழையல்லர். சங்கத்தை உண்மையாகக் காப்பவர் அவரே.